நாலு நாட்டுக் கப்பல்கள், ஒரே ஒரு தளபதி: கரெல் டோர்மனின் கதை



ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிக்கலாம். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நாலு டிபார்ட்மென்ட் ஆட்கள். மெக்கானிக்கல் பையன் செய்த பாகம் சூப்பர். எலக்ட்ரானிக்ஸ் பொண்ணு செய்த சர்க்யூட் பக்கா. கோடிங்கும் ஓகே. ஆனா நாலும் முதன்முதலா ஒண்ணு சேர்வது ரிவியூவுக்கு முந்தின ராத்திரி. என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ப்ராஜெக்ட் என்றால் மார்க் போகும், அவ்வளவுதான். 1942 பிப்ரவரியில் ஜாவா கடலில் இதே கதை நடந்தபோது ஏறக்குறைய 2,300 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் கரெல் டோர்மன். நெதர்லாந்தில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. நம்ம ஊரில் தெரிந்தவர்கள் குறைவு. அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். போர் பிடிக்காதவர்களும் படிக்கலாம். குண்டுகளை விட கூட்டு வேலையைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது.

பறக்க ஆசைப்பட்ட கடற்படைக்காரர்

டோர்மன் பிறந்தது 1889 ஏப்ரல் 23, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில். ராணுவக் குடும்பம். 1906-இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, 1910-இல் அதிகாரியாக வெளியே வந்தார். உடனே கிழக்கே கப்பல் ஏறினார். போன இடம் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள். இன்றைக்கு நாம் இந்தோனேசியா என்கிறோமே, அதுதான்.

சில வருஷம் கழித்து ஊர் திரும்பியவருக்கு விமானத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. ரைட் சகோதரர்கள் பறந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1915-இல் டோர்மன் விமானி ஆனார். டச்சுக் கடற்படையில் பறக்கக் கற்ற முதல் சில அதிகாரிகளில் அவரும் ஒருவர். அந்தக் காலத்து விமானம் என்றால் மரச்சட்டமும் துணியும்தான், எஞ்சின் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பலமுறை அவசரமாகத் தரையிறங்கி உயிர் தப்பினார். மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தார், கடற்படை விமான நிலையத்துக்குத் தலைவராக இருந்தார்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன்? வானத்தில் கண் இல்லாத கப்பற்படை குருடு என்பது அவருக்கு இளமையிலேயே தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பிறகு கடற்படையின் உயர்நிலைப் போர்க் கல்லூரி, பீரங்கி அதிகாரி, டெஸ்ட்ராயர் தலைவர், க்ரூஸர் தலைவர் என்று படிப்படியாக ஏறினார். க்ரூஸர் என்பது நடுத்தரப் பெரிய போர்க்கப்பல். டெஸ்ட்ராயர் அதை விடச் சிறியது, வேகமானது, பெரிய கப்பலுக்குக் காவலாகச் சுற்றி வருவது. 1938-இல் கிழக்கிந்தியத் தீவுகளின் கடற்படை விமானப் பிரிவுக்கே அவர் தலைவர்.

வீட்டை இழந்தவன் தோட்டத்தைக் காத்த கதை

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் நாடு கையை விட்டுப் போனது. ராணியும் அரசாங்கமும் லண்டனுக்குத் தப்பினார்கள். தாய்நாடு இல்லை, ஆனால் தாய்நாட்டை விடப் பல மடங்கு பெரிய காலனி மட்டும் மிச்சம். அதே மே மாதம் டோர்மன் ரியர் அட்மிரல் ஆனார். ஜூனில் அங்கிருந்த டச்சுக் கப்பற்படைப் பிரிவு அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலனியில் என்ன இருந்தது? எண்ணெய். தாராக்கான், பாலிக்பாப்பான், பாலெம்பாங் ஆகிய ஊர்களின் எண்ணெய்க் கிணறுகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் ஜப்பானின் கண்ணை உறுத்தின. 1941 நடுவில் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. பிரிட்டனும் டச்சுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாங்க முடியாவிட்டால் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஜப்பான் கணக்குப் போட்டது.

சரி, இவ்வளவு மதிப்புள்ள இடத்துக்குக் காவல் எப்படி இருந்தது? ரொம்ப மோசம். காலனிக்காகப் பெரிய கப்பற்படை கட்ட 1923-இலேயே ஒரு மசோதா வந்தது. டச்சு நாடாளுமன்றத்தில் 50க்கு 49 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அப்புறம் வந்தது பொருளாதார மந்தம். 1936-இல் சேவைக்கு வந்த டி ரௌட்டர் க்ரூஸர் செலவைக் குறைப்பதற்காகவே சிறியதாகக் கட்டப்பட்டது. அதில் இருந்தவை 150 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஏழு. மூன்று பெரிய போர்க் க்ரூஸர்களுக்கு வரைபடம் போட்டார்கள், கட்ட ஆரம்பிக்கும் முன்பே ஜெர்மனி வந்துவிட்டது. டோர்மனின் கொடிக்கப்பல் அந்தச் சிக்கன டி ரௌட்டர்தான்.

ஆக, தனியாகக் காக்க முடியாது. கூட்டாளிகள் வேண்டும்.

மேஜையில் போட்ட திட்டம்

கூட்டணி ஒரே நாளில் முளைத்ததல்ல. 1941 ஏப்ரலில் சிங்கப்பூரில் அமெரிக்க, டச்சு, பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். அறிக்கையும் எழுதினார்கள். வாஷிங்டனில் இருந்த படைத் தலைமை அதை ஏற்கவில்லை. பிரிட்டன் எல்லாவற்றையும் சிங்கப்பூரைச் சுற்றியே யோசிக்கிறது என்பது அவர்களுடைய குறை. பேச்சு நடந்தது, நகல்கள் சுற்றின. ஆனால் நாலு நாட்டுக் கப்பல்களும் ஒன்றாகக் கடலுக்குப் போய் ஒத்திகை பார்க்கவே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பர், மலாயா, பிலிப்பைன்ஸ் என்று ஒரே மூச்சில் தாக்கியது. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் வாஷிங்டனில் கூடி ஒரு கூட்டுத் தலைமையை அறிவித்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், டச்சு, ஆஸ்திரேலியா நாலின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஏ.பி.டி.ஏ. என்று பெயர். தலைவர் ஜெனரல் வேவல். ஆமாம், பிறகு நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான். 1942 ஜனவரி 15 அன்று பொறுப்பேற்ற அவருடைய தலைமையகம் ஜாவாவில் பாண்டுங் அருகே லெம்பாங் என்ற மலையூரில் இருந்தது.

காகிதத்தில் அழகான அமைப்பு. தலைவர் பிரிட்டிஷ்காரர், துணைத் தலைவர் அமெரிக்கர், கடற்படைக்கு ஓர் அமெரிக்கர், தரைப்படைக்கு ஒரு டச்சுக்காரர், விமானப்படைக்கு ஒரு பிரிட்டிஷ்காரர். பர்மாவில் இருந்து நியூகினி வரை அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒவ்வொருவர் மனசிலும் வேற வேற வரைபடம். பிரிட்டனுக்கு சிங்கப்பூர்தான் உயிர். அமெரிக்காவுக்கு பிலிப்பைன்ஸ் கவலை. ஆஸ்திரேலியா தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. டச்சுக்காரர்களுக்கு ஜாவா போனால் எல்லாம் போச்சு. விளைவு? எதிரியின் படகுகளைத் தேடிப் போக வேண்டிய கப்பல்கள் ஜனவரி முழுக்க சிங்கப்பூருக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு கூட்டு தாக்குதல் படை வேண்டும் என்று தீர்மானமாகி, அது டோர்மன் கையில் வந்தபோது பிப்ரவரி பிறந்துவிட்டது.

மூன்று முறை, மூன்று தோல்வி

பிப்ரவரி 4. டோர்மன் கப்பல்களோடு மகாசார் நீரிணைக்குப் புறப்பட்டார். ஜப்பானிய விமானங்கள் வழியிலேயே பிடித்துவிட்டன. அமெரிக்கக் க்ரூஸர் மார்பிள்ஹெட் மோசமாக அடிபட்டு ஆட்டத்தை விட்டே வெளியேறியது. ஹூஸ்டனின் பின்பக்கப் பீரங்கிக் கோபுரம் செயலிழந்தது. டோர்மன் திரும்பிவிட்டார்.

பிப்ரவரி நடுவில் பாலெம்பாங்கை நோக்கிப் போனார். மறுபடியும் விமானத் தாக்குதல், மறுபடியும் திரும்பினார். அதே 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

19-ஆம் தேதி இரவு பாலி அருகே படுங் நீரிணையில் மூன்றாவது முயற்சி. கப்பல்கள் வெவ்வேறு துறைமுகங்களில் இருந்ததால் ஒரே அடியாக அடிக்க முடியவில்லை, அலை அலையாகப் போனார்கள். எதிரே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஜப்பானிய டெஸ்ட்ராயர்கள்தான். இருந்தும் ஒரு டச்சு டெஸ்ட்ராயர் மூழ்கியது, ட்ரோம்ப் என்ற க்ரூஸர் பலமாகச் சேதமானது.

டோர்மன் ரொம்பத் தயங்குகிறார் என்று மேலிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவரை மாற்றலாமா என்றுகூட யோசித்தார்கள். நீங்களே யோசிச்சுப் பாருங்க. தலைக்கு மேல் ஒரு நட்பு விமானம்கூட இல்லாமல் பகலில் கப்பல்களை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் கூட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் ஒரு பழைய விமானி. அவர் திரும்பியதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதோடு வெப்பமண்டல நோயால் அவர் உடம்பும் சரியில்லாமல் இருந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 25 அன்று ஏ.பி.டி.ஏ. கலைக்கப்பட்டது. வேவல் கிளம்பிவிட்டார். ஆறே வாரம் வாழ்ந்த தலைமை! ஜாவாவைக் காக்கும் பொறுப்பு டச்சுக்காரர்களிடமே திரும்பி வந்தது. டோர்மனுக்கு மேலே இருந்த அட்மிரல் ஹெல்ஃப்ரிச்சின் உத்தரவு தெளிவாக இருந்தது: எதிரியை அழிக்கும் வரை விடாமல் தாக்க வேண்டும்.

முதல் சந்திப்பு, அடுத்த நாளே பரீட்சை

பிப்ரவரி 26 அன்று சுரபாயா துறைமுகத்தில் நாலு நாட்டுக் கப்பல்களும் முதன்முறையாக முழுசாக ஒன்றுசேர்ந்தன. டச்சு டி ரௌட்டர், ஜாவா, பிரிட்டனின் எக்ஸெட்டர், அமெரிக்காவின் ஹூஸ்டன், ஆஸ்திரேலியாவின் பெர்த். ஐந்து க்ரூஸர்கள், ஒன்பது டெஸ்ட்ராயர்கள். கேப்டன்களை எல்லாம் கூப்பிட்டு டோர்மன் ஒரே ஒரு கூட்டம் போட்டார். அன்று மாலையே கடலுக்குப் புறப்பட்டார்கள்.

இப்போது எஞ்சினியர் கண்ணோடு பாருங்கள். பொதுவான சிக்னல் புத்தகம் இல்லை. ஒவ்வொரு கடற்படைக்கும் தனி ரேடியோ முறை, தனிக் கொடி முறை, தனிப் பழக்கம். டோர்மனின் உத்தரவு அவருடைய கப்பலில் இருந்த அமெரிக்கத் தொடர்பு அதிகாரி வழியாகப் போய், ரேடியோவிலும் விளக்கு சைகையிலும் மற்றவர்களை அடைய வேண்டும். நெட்வொர்க்கிங் பாடம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். நோடுகள் எல்லாம் நல்ல நோடுகள்தான், பொதுவான புரோட்டோகால்தான் இல்லை.

எதிர்ப்பக்கம் ரியர் அட்மிரல் டகாகியிடம் நாலு க்ரூஸர், பதினாலு டெஸ்ட்ராயர். அவற்றில் நாச்சி, ஹகுரோ இரண்டும் கனரக க்ரூஸர்கள். ஒவ்வொன்றிலும் 203 மில்லிமீட்டர் பீரங்கி பத்து. நேசப்படையில் அந்த அளவுப் பீரங்கி எக்ஸெட்டரில் ஆறு, பழுதான ஹூஸ்டனில் ஆறு. 20க்கு 12. அதை விடப் பயங்கரம் ஜப்பானின் டார்பிடோ. மற்ற நாடுகளின் டார்பிடோவில் எரிபொருளை எரிக்க அழுத்தப்பட்ட காற்று. ஜப்பான் சுத்தமான ஆக்சிஜனைப் பயன்படுத்தியது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு எரிதலுக்கு உதவாத நைட்ரஜன்தானே? அதைத் தூக்கிவிட்டதால் வீச்சு மிக அதிகம், பின்னால் தெரியும் குமிழிக் கோடும் குறைவு. 20 கிலோமீட்டருக்கு மேலே ஓடும், சுமார் 490 கிலோ வெடிமருந்து சுமக்கும். எதிரே இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது.

27-ஆம் தேதி. இரவு முழுக்கத் தேடியும் எதிரி கிடைக்கவில்லை. களைத்துப்போன ஆட்களோடு பிற்பகலில் சுரபாயாவுக்குத் திரும்பி, துறைமுக வாசலையே நெருங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜப்பானியப் படகுக் கூட்டம் வரும் தகவல் வந்தது. டோர்மன் அப்படியே கப்பலைத் திருப்பினார். எல்லாக் கப்பல்களும் அவர் பின்னால் வர வேண்டும் என்று சிக்னல் கொடுத்தார். இதைப் பிற்காலத்தில் வீர வசனமாக மாற்றிவிட்டார்கள். டச்சுப் பள்ளிப் பிள்ளைகள் படித்தது அந்த வசனத்தைத்தான். உண்மையில் அது சாதாரண வரிசை உத்தரவு. பொதுச் சிக்னல் புத்தகம் இல்லாத படைக்குத் தப்பில்லாமல் புரியக்கூடிய ஒரே உத்தரவும் கிட்டத்தட்ட அதுதான்.

மாலை நாலே கால் மணி வாக்கில் சண்டை தொடங்கியது. ஜப்பானியக் க்ரூஸர்களின் விமானங்கள் மேலே வட்டமிட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன. நேசநாட்டுக் க்ரூஸர்களோ இரவுச் சண்டையை எதிர்பார்த்துத் தங்கள் சிறு விமானங்களைக் கரையிலேயே விட்டு வந்திருந்தன. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதுதான். வாழ்நாளெல்லாம் விமானத்தோடு கழித்தவர் கடைசிச் சண்டையைக் கண் இல்லாமல் நடத்தினார். அதே நாளில் 32 போர் விமானங்களை ஏற்றிக்கொண்டு ஜாவாவுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கப்பல் லாங்லியும் வழியிலேயே அழிந்தது.

ஐந்து மணி தாண்டியதும் ஒரு குண்டு எக்ஸெட்டரின் கொதிகலன் அறையில் பாய்ந்தது. நீராவி போய் வேகம் சரிந்தது. பின்னால் வரும் கப்பல் மோதாமல் இருக்க எக்ஸெட்டர் இடப்பக்கம் திரும்பியது. பின்னால் வந்த கேப்டன்கள் என்ன நினைத்தார்கள்? தளபதி திரும்பச் சொல்லியிருக்கிறார், நமக்குத்தான் சிக்னல் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் திரும்பினார்கள். முன்னால் டி ரௌட்டர் கொஞ்ச நேரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது! இந்தக் குழப்பத்தில் டச்சு டெஸ்ட்ராயர் கோர்டெனாரை ஒரு டார்பிடோ தாக்க, அது இரண்டாக உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. எக்ஸெட்டரைக் காக்கப் போன எலெக்ட்ராவும் மூழ்கியது.

அமெரிக்க டெஸ்ட்ராயர்களுக்கு வந்த உத்தரவுகளைக் கேளுங்கள். முதலில் எதிர்த்தாக்குதல் நடத்தச் சொன்னார். அது ரத்து. பிறகு புகைத்திரை போடச் சொன்னார். பிறகு பின்வாங்கலுக்குப் பாதுகாப்பு தரச் சொன்னார். எப்படித் தர வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களாகவே முடிவெடுத்து முன்னேறி டார்பிடோக்களை வீசினார்கள். ஒன்றும் படவில்லை. எரிபொருளும் தீர்ந்துகொண்டிருக்க, சுரபாயாவுக்குத் திரும்பினார்கள்.

இருட்டியது. டோர்மன் விடவில்லை. எதிரியின் போர்க்கப்பல்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் படைவீரர்களை ஏற்றி வந்த கப்பல்களை எப்படியாவது அடிக்க வேண்டும் என்று வழி தேடினார். ஒன்பதரை மணி வாக்கில் ஜூபிட்டர் என்ற டெஸ்ட்ராயர் வெடித்தது. அடித்தது எதிரி அல்ல. டச்சுக்காரர்களே போட்டு வைத்த கடற்கண்ணி. கடைசி டெஸ்ட்ராயர் கோர்டெனாரில் பிழைத்தவர்களைத் தண்ணீரில் இருந்து தூக்கப் போய்விட்டது. மிஞ்சியது காவல் இல்லாத நாலு க்ரூஸர்கள். மேலே ஜப்பானிய விமானங்கள் பாராசூட் விளக்குகளைப் போட்டு அவர்கள் போகும் பாதையை வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தன.

பதினொன்றரை மணி சுமாருக்கு நாச்சியும் ஹகுரோவும் விட்ட டார்பிடோக்கள் வந்து சேர்ந்தன. ஜாவா முதலில் உடைந்தது. அடுத்து டி ரௌட்டர் தீப்பிடித்தது. அடிபட்ட கப்பலைக் காப்பாற்ற மற்றவர்கள் நிற்கக் கூடாது என்று டோர்மன் முன்பே சொல்லி வைத்திருந்தார். தன் கப்பலுக்கும் அதே விதிதான். ஹூஸ்டனையும் பெர்த்தையும் பட்டாவியாவுக்குப் போகச் சொன்னார். அவர் கப்பலோடு போய்விட்டார். வயது 52.

தப்பிய ஹூஸ்டனும் பெர்த்தும் அடுத்த இரவே சுந்தா நீரிணையில் மூழ்கின. மார்ச் 1-இல் எக்ஸெட்டரும் போனது. ஜப்பானின் ஒரு படைக்கப்பலைக்கூட இவர்களால் தொட முடியவில்லை. தரையிறக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவே. மார்ச் 8, 9 தேதிகளில் ஜாவா சரணடைந்தது. ஜாவா என்ற தடுப்பு போனதும் இந்தியப் பெருங்கடல் திறந்துகொண்டது. மார்ச்சில் அந்தமானைப் பிடித்தார்கள். ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் 9-இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது.

யாருடைய நிலம்?

இங்கே ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாலு அரசாங்கங்கள் சேர்ந்து காப்பாற்றத் திட்டம் போட்ட அந்த மண் யாருடையது? அங்கே வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களை யாரும் மேஜைக்குக் கூப்பிடவில்லை. அவர்களுடைய தலைவர் சுகர்ணோவை டச்சு அரசு நாடுகடத்தி வைத்திருந்தது. 1920-களில் டோர்மன் பீரங்கி அதிகாரியாக இருந்த டி ஸேவன் ப்ரோவின்ஸியன் கப்பலில் 1933-இல் சம்பள வெட்டை எதிர்த்து மாலுமிகள் கலகம் செய்தபோது, டச்சு விமானம் குண்டு போட்டு 23 பேர் செத்தார்கள். 1942-இல் மூழ்கிய டச்சுக் கப்பல்களிலும் இந்தோனேசிய மாலுமிகள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த வீர வசனத்திலும் வரவில்லை.

டோர்மனுக்கு நெதர்லாந்தின் உயர்ந்த ராணுவ விருது 1942 ஜூனிலேயே தரப்பட்டது. போருக்குப் பிறகு ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதை 1946-இல் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சுதந்திரம் அறிவித்துவிட்ட இந்தோனேசியாவுக்கு, காலனியைத் திரும்பப் பிடிக்க. 1949 டிசம்பரில்தான் டச்சு அரசு அந்தச் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. தனி மனிதரின் தைரியம் ஒரு பக்கம், அந்தத் தைரியம் யாருக்காகச் செலவானது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2002-இல் டி ரௌட்டரையும் ஜாவாவையும் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2016-இல் 75-ஆம் ஆண்டு நினைவுக்காக மறுபடி இறங்கிப் பார்த்தபோது மணலில் பள்ளம்தான் இருந்தது. இரும்புக்காகத் திருட்டுத்தனமாகக் கப்பல்களையே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

டோர்மன் தோற்றதற்குக் காரணம் தைரியக் குறைவு இல்லை, திட்டக் குறைவும் இல்லை. ஒரு வருஷமாகத் திட்டம் போட்டார்களே! பொது மொழி, பொது ஒத்திகை, பொதுவான ஒரு நோக்கம், இந்த மூன்றும்தான் இல்லை. அந்தக் குறையை மேஜையில் உட்கார்ந்தவர்கள் விட்டுவைத்தார்கள், கடலில் இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு நாட்டு டீமோடு ஒரு பெரிய சிஸ்டத்தைக் கட்டப் போகிறீர்கள். யார் எந்த மாட்யூல் செய்வது என்று பங்கு பிரித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இடையில் இருக்கும் இணைப்பை முதல் வாரமே சோதித்துப் பாருங்கள். அந்தச் சிஸ்டம் யாருக்காக என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.